தாமதமாக ஒளிரும் பொடி: அருமண் நானோ துகள்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூரில் ஒரு கல்லூரியில் வேதியியல் நடத்துகிறேன். ஆண்டுக்கு மூன்று நான்கு முறை பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் ஒரு மரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவேன். பெட்டிக்குள் ஒரு கண்ணாடிக் குப்பி. குப்பிக்குள் கோலமாவு போன்ற வெள்ளைப் பொடி; அருமண் தனிமங்கள் சேர்ந்த நானோ துகள்கள். பக்கத்தில் அகச்சிவப்பு லேசர். முன்புறம், அகச்சிவப்பைத் தடுத்து மற்ற ஒளியை மட்டும் வெளியே விடும் கண்ணாடி. சன்னல்களைச் சாத்திவிட்டு லேசரைப் போட்டால், பொடியின் நடுவில் கடுகளவு பச்சைப் புள்ளி ஒன்று எரியும். லேசர் கண்ணுக்குத் தெரியாது, பச்சை மட்டும் தெரியும். கூட்டம் ஒரு நொடி வாயடைத்து நிற்கும். பிறகு கேள்விகள் கொட்டும். கடலூரிலும் புதுச்சேரியிலும் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

அருமண் தனிமங்கள் என்றால் என்ன? உண்மையிலேயே அரிதானவையா?

லாந்தனம் முதல் லுட்டீசியம் வரை பதினைந்து, அவற்றோடு ஸ்காண்டியம், இட்ரியம், மொத்தம் 17. பெயரில்தான் அருமை. பூமியின் மேலோட்டில் சீரியம் ஏறத்தாழ தாமிரத்தின் அளவுக்கு இருக்கிறது. ஆனால் ஒரே இடத்தில் குவிந்து கிடைப்பது குறைவு. கிடைத்தாலும் பதினேழும் ஒட்டிப் பிறந்த பிள்ளைகளைப் போல வேதிப் பண்பில் ஒத்திருப்பதால் பிரித்தெடுப்பதற்குள் உயிர் போய்விடும். ஸ்வீடனில் இட்டர்பி என்ற ஒரே சிற்றூரின் பெயரை இட்ரியம், இட்டர்பியம், டெர்பியம், எர்பியம் என்று நான்கு தனிமங்கள் பங்குபோட்டுக்கொண்டிருக்கின்றன. யூரோப்பியத்தை 1901-இல் பிரித்துக் காட்டியவர் பிரெஞ்சுக்காரரான தெமார்சே. பிரெஞ்சுப் பெயர் தாங்கிய தெருக்களில் நடக்கிற புதுச்சேரி மாணவர்கள் இதைக் கேட்டதும் சற்று நிமிர்ந்து உட்காருவார்கள்.

‘மாசூட்டிய’ துகள் என்கிறீர்களே, அழுக்கா?

பாடநூல் கொடுத்த சொல், நான் என்ன செய்ய? ஒரு படிகத்துக்குள் வேறொரு தனிமத்தின் அணுக்களை வேண்டுமென்றே, அளந்து சேர்ப்பதுதான் மாசூட்டல். என் குப்பியில் இருப்பது சோடியம் இட்ரியம் ஃபுளோரைடு. அதில் இட்ரியம் அமர வேண்டிய இடங்களில் நூற்றுக்கு இருபதில் இட்டர்பியமும், இரண்டில் எர்பியமும் உட்கார்ந்திருக்கின்றன. அந்த இரண்டு சதவீதம் பெருங்காயம் மாதிரி. நிறையப் போட்டால் நிறைய ஒளிரும் என்று நினைத்தால் கெட்டது காரியம். எர்பியம் அணுக்கள் நெருங்கிவிட்டால் தங்களுக்குள்ளேயே ஆற்றலைக் கைமாற்றிக்கொண்டு ஒளியைக் கொன்றுவிடும்.

இவை ஏன் ஒளிர்கின்றன? நிறம் மாறாதா?

பழைய வீட்டில் திண்ணை, கூடம், உள்ளறை என்று வரிசையாக இருக்கும் அல்லவா? தெருவில் எவ்வளவு சத்தம் இருந்தாலும் உள்ளறைக்கு எட்டாது. லாந்தனைடு அணுக்களில் ஒளிக்குக் காரணமான 4எஃப் எலெக்ட்ரான்கள் இருப்பது உள்ளறையில். வெளியே 5எஸ், 5பி எலெக்ட்ரான்கள் கூடமும் திண்ணையுமாக மறைத்து நிற்கின்றன. அதனால் எந்தப் படிகத்தில் வைத்தாலும் மூன்று மின்னூட்ட யூரோப்பியம் பெரும்பாலும் சிவப்பு, டெர்பியம் பச்சை. கோடு கிழித்தாற்போல் மெல்லிய நிறம். பக்கத்து நிறத்தில் வழிந்து கலக்காது.

வேட்டிக்குப் போடும் சலவைத்தூள்கூடத்தான் புற ஊதாவில் ஒளிர்கிறது. இதில் என்ன பெருமை?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான். கேட்டவர் புதுச்சேரியில் சலவைக்கடை வைத்திருப்பவர்.

பளிச்சென்று ஒளிர்வதில் பெருமை இல்லை. சாதாரணச் சாயங்கள் இவற்றைவிடப் பல மடங்கு பளிச்சிடும். சிக்கல் என்னவென்றால், புற ஊதாவில் காகிதம், துணி, பிளாஸ்டிக், ரத்தம், தோல், எச்சில் எல்லாமே கொஞ்சம் ஒளிரும். தேடும் பொருளின் ஒளி அந்தக் கூச்சலில் அமுங்கிவிடும். அருமண் துகள்களுக்கு இரண்டு விசித்திரமான பழக்கங்கள் இருக்கின்றன. இரண்டும் அந்தக் கூச்சலை அடக்குகின்றன.

முதல் பழக்கம், தாமதம். ரத்தத்திலோ காகிதத்திலோ எழும் வேண்டாத ஒளி, விளக்கை அணைத்த சில நானோ நொடிகளில் (நானோ என்றால் நூறு கோடியில் ஒரு பங்கு) அடங்கிவிடும். யூரோப்பியத்தின் ஒளி ஒரு மில்லி நொடியை ஒட்டிய அளவுக்கு நிற்கும். அதாவது லட்சம் மடங்கு அதிக நேரம். பாடலீஸ்வரர் கோயிலில் மேளம் நின்ற மறு விநாடி மணியின் ரீங்காரம் மட்டும் தனியாகக் கேட்கும். கருவியும் அதைத்தான் செய்கிறது. ஒளியைப் பாய்ச்சி, அணைத்து, சில நூறு மைக்ரோ நொடிகள் பொறுத்திருந்து, பிறகு கண் திறக்கிறது. அப்போது மிச்சமிருப்பது யூரோப்பியம் மட்டும்.

இரண்டாவது பழக்கம், தலைகீழ் ஒளிர்வு. மற்றவை ஆற்றல் மிக்க ஒளியை வாங்கிக் குறைந்த ஆற்றலுள்ள ஒளியைக் கொடுக்கும். இவற்றில் ஒரு வகை, அகச்சிவப்பை வாங்கிப் பச்சையையோ நீலத்தையோ கொடுக்கும். அந்த லேசருக்கு ரத்தமோ காகிதமோ இப்படி ஒளிர்வதில்லை. ஆகவே பச்சையாக எது தெரிந்தாலும் அது நம் துகள்.

அகச்சிவப்பிலிருந்து பச்சையா? ஆற்றல் அழிவின்மை விதி என்ன ஆயிற்று?

பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் யாராவது இதைக் கேட்காமல் விட்டால்தான் கவலைப்படுவேன். விதி பத்திரமாக இருக்கிறது. 980 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பின் ஒரு ஃபோட்டானை, அதாவது ஒளியின் ஒரு துணுக்கை, இட்டர்பியம் விழுங்கி, பக்கத்து எர்பியத்திடம் தள்ளுகிறது. எர்பியம் பாதிப் படியில் ஏறி நிற்கிறது. அங்கே அது சற்று நேரம் தங்கும். மேலே சொன்ன தாமதப் பழக்கம் இங்கேயும் கைகொடுக்கிறது. இறங்குவதற்குள் இட்டர்பியம் இரண்டாவது ஃபோட்டானைத் தள்ள, எர்பியம் மேல்படிக்கு ஏறி, அங்கிருந்து 540 நானோமீட்டரை ஒட்டிய பச்சையாக இறங்குகிறது. இரண்டு கொடுத்து ஒன்று வாங்குகிறோம், அவ்வளவுதான். எர்பியத்துக்குப் பதில் தூலியம் வைத்தால் நீலம் வரும். இந்த ஆற்றல் கைமாற்றத்தை 1966-இல் விளக்கியவர்களில் முதன்மையானவர் பிரான்சின் ஓசெல்.

இதற்கு நாம் கொடுக்கும் விலை என்னவென்றால், திறன் மிகக் குறைவு. நானோ அளவுத் துகள்களில் விழுங்கிய ஒளியில் பெரும்பாலும் ஒரு சதவீதம்கூடப் பச்சையாகத் திரும்புவதில்லை. விளம்பரங்களில் இந்த எண்ணைத் தேடிப் பாருங்கள், இருக்காது.

நானோவாக ஏன் இருக்க வேண்டும்?

பல இடங்களில் தேவையே இல்லை. துகள் சிறுக்கச் சிறுக்க ஒளி மங்கும். மேற்பரப்பில் இருக்கும் அணுக்களின் ஆற்றலைச் சுற்றியுள்ள நீரும் எண்ணெயும் களவாடிவிடும். அதைத் தடுக்க, மாசூட்டாத அதே படிகத்தால் மேலே ஓர் உறை போடுகிறார்கள். இவ்வளவு பாடு எதற்கு என்றால், மையில் கரைந்தாற்போல் மிதக்கவும், சோதனைப் பட்டையின் நுண்துளைகள் வழியாக ஊர்ந்து போகவும், தேடும் பொருளைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்புரதத்தின் முதுகில் சுமையாக ஏறவும் சிறிய உடம்பு வேண்டும். ஒரு தலைமுடியின் குறுக்களவு எண்பதாயிரம் நானோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், என் குப்பித் துகள்கள் முப்பது நாற்பது. நானோ என்று பெட்டியில் அச்சடித்தால் விலை ஏற்றலாம் என்பதற்காக நானோ ஆக்குகிறவர்களும் உண்டு. அவர்களைப் பற்றி நான் இங்கே பேசவில்லை.

இன்று நடைமுறையில் எங்கே இருக்கிறது? ‘வருங்காலத்தில்’ என்று தொடங்காமல் சொல்லுங்கள்.

சரி. உங்கள் வீட்டிலிருந்தே தொடங்குவோம். எரியாத எல்.இ.டி. பல்பின் வெள்ளை மூடியைக் கழற்றினால் முட்டைக்கரு நிறத்தில் சின்னச் சின்ன மஞ்சள் சதுரங்கள் தெரியும். அந்த மஞ்சள் பெரும்பாலும் சீரியம் மாசூட்டிய இட்ரியம் அலுமினியம் கார்னெட். உள்ளே நீல எல்.இ.டி.; மேலே மஞ்சள் பொடி; இரண்டும் கலந்து கண்ணுக்கு வெள்ளை. பழைய குழல் விளக்கின் சிவப்புக்கு யூரோப்பியம், பச்சைக்கு டெர்பியம். படச்சுருள் காலத்து எக்ஸ்ரே கேசட்டுக்குள் இருந்த வெள்ளைத் திரை டெர்பியம் சேர்த்த கடோலினியம் ஆக்சிசல்ஃபைடு. மின்தடையிலும் மணிக்கணக்கில் ஒளிரும் ‘வெளியே செல்லும் வழி’ பலகைகளில் யூரோப்பியமும் டிஸ்ப்ரோசியமும் சேர்த்த ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட். இவை எல்லாம் அருமண் ஒளிர்பொடிகள். ஆனால் மைக்ரோமீட்டர் அளவு. நானோவின் அண்ணன்மார்கள் என்று சொல்லலாம்.

நானோ அளவில் சந்தைக்கு வந்தவற்றில் முதலில் மருத்துவச் சோதனைப் பட்டைகள், அடுத்துப் போலித் தடுப்பு மைகள். இவை இரண்டும் உறுதி. கைரேகை எடுக்கும் பொடி, செல்லுக்குள் வெப்பம் அளப்பது ஆகியவை ஆய்வகத்தில் நன்றாக வேலை செய்கின்றன. கைரேகைதான் எனக்குப் பிடித்தது. பலநிற பிஸ்கட் உறையில் பதிந்த ரேகையின் மேல் சாதாரண ஒளிர்பொடியைத் தூவிப் புற ஊதாவைக் காட்டினால் உறையின் அச்சு மையும் சேர்ந்து ஒளிர்ந்து எல்லாவற்றையும் கெடுக்கும். தலைகீழ் ஒளிர்வுப் பொடியைத் தூவி 980 லேசரைக் காட்டினால் உறை இருண்டு, ரேகையின் வரிகள் மட்டும் பச்சையாக எழும்.

நேரு வீதியில் கடை வைத்திருக்கிறேன். நோட்டு பார்க்கும் நீல விளக்கு இதே தத்துவம்தானா?

பாதி. ரூபாய் நோட்டின் எண் ஒளிரும் மையில் அச்சிடப்படுகிறது. தாளுக்குள் ஒளிரும் இழைகள் இருக்கின்றன. இரண்டும் புற ஊதா விளக்கில் தெரியும். இது ரிசர்வ் வங்கியே பொதுமக்களுக்குச் சொல்லியிருப்பது. மையின் சேர்மானத்தை எந்த நாட்டு வங்கியும் வெளியே சொல்லாது.

உங்களுக்கு உதவக்கூடிய ஒரு செய்தி: நல்ல நோட்டின் தாள் பருத்தியால் ஆனது, விளக்கின் கீழ் மங்கலாகவே இருக்கும். கடையில் கிடைக்கும் வெள்ளைத் தாள், வெண்மைக்காகச் சேர்க்கும் சாயத்தால் நீலமாகப் பளிச்சிடும். ஆனால் சட்டைப் பையோடு துவைக்கப்பட்ட நல்ல நோட்டும் சலவைத்தூளின் சாயத்தை உறிஞ்சி நீலமாக ஒளிரும். விளக்கை மட்டும் நம்பி வாடிக்கையாளரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். நீர்க்குறி, பாதுகாப்பு இழை எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள்.

புற ஊதாவில் ஒளிரும் மை இன்று யாருக்கும் கிடைக்கிறது என்பதால்தான் ஆவணங்களிலும் விலையுயர்ந்த பொருள்களின் உறைகளிலும் தலைகீழ் ஒளிர்வு மையைச் சேர்க்கத் தொடங்கினார்கள். போலி மருந்துச் செய்தி வரும்போதெல்லாம் இதைக் கேட்கிறார்கள். மருந்து அட்டையில் இந்த மையால் ஒரு புள்ளி வைக்க முடியும். ஆனால் அதைப் பார்க்க மருந்துக் கடைக்காரரிடம் லேசர் பேனா இருக்க வேண்டும். வாங்குகிறவர் கையில் ஒன்றும் இருக்காது.

சோதனைப் பட்டையில் இது என்ன செய்கிறது?

கர்ப்பம் பார்க்கும் பட்டை தெரியும்தானே? கோடு தெரிவதற்குக் காரணம் பெரும்பாலும் தங்க நானோ துகள்கள். மங்கலான கோடா, கோடே இல்லையா என்று இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்வார்கள். தங்கத்தின் இடத்தில் யூரோப்பியம் துகளை வைத்து, சிறிய கருவியில் பட்டையைச் செருகினால் கோடு எண்ணாக வந்துவிடும். மாரடைப்பில் ரத்தத்தில் உயரும் டிரோபோனின் போன்றவற்றை அளக்க இத்தகைய பட்டைகள் விற்பனையில் இருக்கின்றன. நெதர்லாந்தின் லெய்டனில் தலைகீழ் ஒளிர்வுத் துகள்களை வைத்துத் தொழுநோய்க்கான பட்டைகளை உருவாக்கிக் களத்தில் சோதித்திருக்கிறார்கள். விரல் நுனியில் எடுத்த ஒரு சொட்டு ரத்தம் போதும் என்பது கிராமத்துச் சுகாதார நிலையத்துக்கு எவ்வளவு பெரிய வசதி என்பதை அங்கே வரிசையில் நின்றவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இந்தப் பொடிகள் இதுவரை செய்த வேலைகளில் இதற்கு மேலான ஒன்றை நான் காணவில்லை.

இதன் பாட்டன் நானோவுக்கு முந்தையது. யூரோப்பியம் சேர்மத்தைக் கொண்டு, தாமதித்து அளக்கும் ரத்தச் சோதனை 1980-களிலேயே வந்துவிட்டது. பிறந்த குழந்தையின் குதிகாலில் ஊசி குத்தி எடுக்கும் ரத்தப் பரிசோதனையில் இன்றும் பல ஆய்வகங்களில் ஓடுகிறது.

எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது அம்மாவுக்குக் கையில் ஊசி போட்டார்கள். அதுவும் இந்தத் துகளா?

அதுவும் அருமண்தான், கடோலினியம். ஆனால் துகளும் இல்லை, ஒளிர்வதும் இல்லை. அதன் காந்தப் பண்புதான் படத்தைத் தெளிவாக்குகிறது. தனி கடோலினியம் அயனி நச்சு என்பதால் கரிம மூலக்கூறு ஒன்றில் இறுகப் பிடித்து வைத்துச் செலுத்துகிறார்கள். சிறுநீரகம் சரியாக இயங்காதவர்களுக்கு இதில் ஆபத்து உண்டு. அதனால்தான் ஊசிக்கு முன்னால் கிரியாட்டினின் அறிக்கை கேட்கிறார்கள். அலைக்கழிப்பதாக நினைக்க வேண்டாம்.

புற்றுநோயைக் குணப்படுத்துமாமே?

எலிகளில் நம்பிக்கை தரும் முடிவுகள் இருக்கின்றன. அகச்சிவப்பு சதைக்குள் சில மில்லிமீட்டர் ஊடுருவும், அங்கே துகள் அதை வேறு நிறமாக மாற்றி மருந்தைத் தூண்டும் என்பது திட்டம். உங்கள் ஊர் மருத்துவமனையில் இதைக் கேட்காதீர்கள். யாராவது இதைச் சொல்லிப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

கண்ணில் போட்டால் இருட்டில் தெரியுமா?

சிரிக்க வேண்டாம், இது நடந்தது. 2019-இல் சீன, அமெரிக்க ஆய்வாளர்கள் எலிகளின் விழித்திரைக்கு அடியில் இந்தத் துகள்களைச் செலுத்தினார்கள். எலிகள் அகச்சிவப்பு வடிவங்களைப் பிரித்தறிந்தன. 2025-இல் அதே சீனக் குழுவினர் துகள்கள் கலந்த காண்டாக்ட் லென்சை மனிதர்களுக்கே மாட்டிப் பார்த்தார்கள். அகச்சிவப்பு எல்.இ.டி. விட்டுவிட்டு மின்னுவதை அவர்களால் காண முடிந்தது. கண்ணை மூடிக்கொண்டால் இன்னும் நன்றாகத் தெரிந்தது, ஏனென்றால் இமை மற்ற ஒளியைத்தான் அதிகம் தடுக்கிறது. ஆனால் லென்சிலேயே ஒளி சிதறுவதால் கூர்மையான உருவம் கிடைக்காது. வலுவான அகச்சிவப்பு மூலம் ஒன்றும் எதிரே இருந்தாக வேண்டும். இரவில் சில்வர் பீச்சில் நண்டு பிடிக்க டார்ச்சே போதும்.

மீனில் ஃபார்மலின் இருக்கிறதா என்று பார்க்க உதவுமா?

முதுநகர் துறைமுகத்தில் மீன் வாங்கி விற்கும் அக்கா ஒருவர் கேட்டது. ஆய்வகத்தில் முடியும். ஆனால் அவருக்கு நான் சொன்ன பதில் வேறு. கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இதற்கென ஒரு காகிதப் பட்டையை உருவாக்கியிருக்கிறது. மீனின் மேல் தேய்த்து ஒரு சொட்டு கரைசல் விட்டால் நிறம் மாறும். லேசர் வேண்டாம், யூரோப்பியம் வேண்டாம். எளிய வழி இருக்கும்போது அருமண்ணைச் செலவழிப்பானேன்?

சிப்காட் பக்கத்து நிலத்தடி நீரில் உலோகம் கலந்திருக்கிறதா என்று பார்க்கும் கேள்விக்கும் இதே பதில். பாதரசம், ஈயம் பட்டால் ஒளி மங்கும் துகள்களைப் பற்றிக் கட்டுரைகள் கொட்டிக் கிடக்கின்றன. கிணற்றுத் தண்ணீரில் இருக்கும் இரும்பும் சுண்ணாம்பும் சேர்ந்து அந்த ஒளியை எப்படியெல்லாம் குழப்பும் என்பதைச் சொல்லும் கட்டுரைகள் சொற்பம். நம்பத்தக்க முடிவு வேண்டுமானால் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு மாதிரியைக் கொடுங்கள்.

கடல் அலை நீலமாக மின்னுவதும் இதுவா?

இல்லை. அது உயிர். நாக்டிலூகா போன்ற நுண்ணுயிரிகள் அலையில் குலுங்கும்போது உடலுக்குள் நடக்கும் வேதிவினையால் மின்னுகின்றன. 2019 ஆகஸ்டில் சென்னைக் கரையில் மக்கள் திரண்டு பார்த்தது அதைத்தான்.

மூலப்பொருள் நம்மிடம் இருக்கிறதா?

மணலாக இருக்கிறது. 1909-இல் சோம்பர்க் என்ற ஜெர்மானியர், இங்கிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்து, குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியில் அருமண் தனிமங்கள் அடங்கிய மோனசைட் என்ற கனிமம் இருப்பதைக் கண்டுபிடித்தார். இன்றும் அங்கே ஐ.ஆர்.இ.எல். என்ற மத்திய அரசு நிறுவனம் மணலைப் பிரித்தெடுக்கிறது. மோனசைட்டில் கதிரியக்கமுள்ள தோரியமும் இருப்பதால் அணுசக்தித் துறையின் கட்டுப்பாடு உண்டு; கரையோர மக்களின் எதிர்ப்பும் உண்டு. நம் மோனசைட்டில் சீரியம், லாந்தனம், நியோடிமியம் மிகுதி. ஒளிர்வுக்கு வேண்டிய டெர்பியம், இட்டர்பியம், எர்பியம் சொற்பம். பிரித்தெடுப்பதில் சீனாவின் கைதான் ஓங்கியிருக்கிறது. 2025 ஏப்ரலில் சீனா ஏற்றுமதிக் கட்டுப்பாடு விதித்த ஏழு தனிமங்களில் இட்ரியமும் டெர்பியமும் இருந்தன.

கல்லூரித் திட்டப்பணியாக நாங்களே செய்ய முடியுமா?

முடியும். ஆனால் தலைகீழ் ஒளிர்வுத் துகளில் தொடங்காதீர்கள். அதற்கு 300 பாகை செல்சியசில் ஒலியிக் அமிலம், காற்றுப் புகாத ஆர்கான் சூழல் எல்லாம் வேண்டும். யூரோப்பியம் சேர்த்த இட்ரியம் ஆக்சைடு எளிது. இரண்டு தனிமங்களின் நைட்ரேட்டுகளை யூரியாவோடு சிறிது நீரில் கரைத்து, 500 பாகை உலையில் வைத்தால், கரைசல் கொதித்து, நுரைத்து, திடீரென்று தீப்பிடித்து, ஐந்து நிமிடத்தில் பஞ்சு போன்ற வெள்ளைப் பொடி பொங்கி நிற்கும். இந்த எரிதல் முறையை வளர்த்தெடுத்தது பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் கே.சி. பாட்டீலின் குழு. புகைபோக்கி உள்ள அறையில், ஆசிரியர் பக்கத்தில் நிற்க, கிராம் கணக்கில் மட்டும் செய்யுங்கள். வெளிவரும் வாயு நல்லதில்லை.

ஒரு பொறி இருக்கிறது, நானே விழுந்தேன். முதல் முறை செய்த பொடியை ஆவலோடு நோட்டு பார்க்கும் விளக்கின் கீழ் வைத்தோம். ஒன்றுமில்லை. மாணவி ஒருத்திக்குக் கண் கலங்கிவிட்டது. அளவு தப்பு, உலை தப்பு என்று ஒரு வாரம் திரும்பத் திரும்பச் செய்தோம். தப்பு விளக்கில். கடை விளக்கு 365 நானோமீட்டர். இந்தப் பொடி வலுவாக விழுங்குவது 250-ஐ ஒட்டிய ஒளியை. 254 நானோமீட்டர் விளக்கை மூடிய பெட்டிக்குள் வைத்துப் பார்த்தபோது, ஒதுக்கி வைத்த ஏழு பொடிகளும் செம்பருத்திச் சிவப்பில் ஒளிர்ந்தன. குழல் விளக்குக்குள் பாதரச ஆவி உமிழ்வதும் அதே 254 என்று எத்தனையோ ஆண்டுகள் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். கைக்கு வரும்போது நினைவுக்கு வரவில்லை. 254 விளக்கு கண்ணையும் தோலையும் சுடும். பெட்டியைத் திறந்துவைத்துப் பார்க்கவே கூடாது.

பொடி நஞ்சா?

காட்மியம் உள்ள குவாண்டம் புள்ளிகள் என்ற வேறு வகை ஒளிரும் நானோ துகள்களோடு ஒப்பிட்டால் சாது. அதற்காகத் திருநீறு போல் பூசிக்கொள்ளக் கூடாது. உடலுக்குள் போனால் கல்லீரலிலும் மண்ணீரலிலும் நெடுநாள் தங்குகிறது. உலர்ந்த பொடியை முகர்வதுதான் பெரிய ஆபத்து, முகக்கவசம் போடுங்கள். கழிவைத் தொட்டியில் ஊற்றாமல் சேர்த்து வைத்து, ஆய்வகக் கழிவு எடுப்பவரிடம் கொடுங்கள். பொடியைவிட லேசர்தான் கொடியது. 980 கண்ணுக்குத் தெரியாது. தெரியாததால் இமை மூடாது. இமை மூடாததால் விழித்திரை வெந்துபோகும்.

வீட்டில் இருக்கும் டி.வி. ரிமோட்டும் அகச்சிவப்புதானே, அதைக் காட்டி ஒளிரச் செய்யலாமா?

ஒன்பதாம் வகுப்பு மாணவர் ஒருவர் கேட்டார். மறுநாளே முயன்றும் பார்த்தோம். ஒளிரவில்லை. ரிமோட் பெரும்பாலும் 940 நானோமீட்டர். இட்டர்பியம் அதையும் ஓரளவு விழுங்கும். ஆனால் இரண்டு ஃபோட்டான்கள் அடுத்தடுத்து வந்து சேர்ந்தால்தான் பச்சை வரும். ரிமோட்டின் ஒளி அறை முழுவதும் பரவிப் போகிறது. ஒரு எர்பியத்தின் பங்குக்கு இரண்டாவது வருவதற்குள் முதலாவது இறங்கிவிடுகிறது. லேசரில் எல்லாம் ஒரு புள்ளியில் குவிகிறது. ரிமோட் வேலை செய்கிறதா என்று சந்தேகம் வந்தால் அதைக் கைபேசியின் முன்பக்கக் கேமரா முன் அழுத்திப் பாருங்கள், பெரும்பாலான கைபேசிகளில் ஊதா வெள்ளையாகத் தெரியும். லேசரை அப்படிச் சோதிக்காதீர்கள், கேமரா போய்விடும்.